பளபளக்கும் அந்தத் தண்டு: கமுதியில் ஒரு லோடர் சிலிண்டர் வளைந்தபோது

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)



தெருவுல ஜேசிபி பள்ளம் தோண்டும்போது நின்னு வேடிக்கை பார்க்காதவங்க நம்ம ஊர்ல ரொம்பக் கம்மி. அப்படிப் பார்க்கும்போது ஒண்ணைக் கவனிச்சிருப்பீங்க. வண்டி முழுக்கச் சேறும் தூசியுமா இருக்கும். ஆனா அதோட கையில இருக்கிற ஒரு இரும்புத் தண்டு மட்டும் கண்ணாடி மாதிரி பளபளக்கும். அது ஒரு குழாய்க்குள்ள போகும், வரும். அது போய் வரும்போதுதான் பக்கெட் தூக்கும், கவிழும்.

அந்தக் குழாயும் தண்டும் சேர்ந்ததுதான் ஹைட்ராலிக் சிலிண்டர். இன்னைக்கு எபிசோட் முழுக்க அதைப் பத்தித்தான். அது கெட்டுப்போனா சரிபண்ணலாமா, மாத்தணுமா? கேட்க மெக்கானிக் விஷயம் மாதிரி இருக்கும். ஆனா இந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு ஊரோட குடிதண்ணியும், ஒரு குடும்பத்தோட மாசத் தவணையும், சில நேரம் ஒருத்தரோட உயிரும் இருக்கு.

கமுதியில் இதுக்கு என்ன வேலை?

ராமநாதபுரம் மாவட்டத்துல, குண்டாற்றை ஒட்டி இருக்கிற ஊர் கமுதி. எங்க அப்பாவோட ஊர். நீங்க செய்தியில இந்தப் பேரைக் கேட்டிருந்தா, 2016-ல் திறந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தால கேட்டிருப்பீங்க. சுமார் 2,500 ஏக்கர்ல அது விரிஞ்சு கிடக்கு. இல்லைன்னா, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின ராமநாதபுரம் முண்டு மிளகாயால இந்தப் பகுதியைத் தெரிஞ்சிருக்கும்.

நேர்ல போனா முதல்ல கண்ணுல படுறது ரெண்டு விஷயம். ஒண்ணு, கரிசல் மண். இன்னொண்ணு, சீமைக்கருவேலம். அந்த மரத்தை வெட்டி, அடுக்கி, மண் பூசி, மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறது இந்தப் பக்கத்துல பல குடும்பங்களோட பிழைப்பு. அதே மரம் கண்மாய்க்குள்ளயும் ஊரணிக்குள்ளயும் புகுந்து வேர் விட்டா, தண்ணி நிக்கவேண்டிய இடத்துல முள்ளுக்காடு நிக்கும்.

இங்க ஆத்துத் தண்ணியை நம்பி உட்கார முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடிச்சு வெச்சாத்தான் வருஷம் ஓடும். அதனால மழைக்கு முன்னாடி தூர் வாரணும், கருவேலத்தைத் தூரோட பிடுங்கணும், வரத்துக்கால்களைச் சுத்தம் பண்ணணும். 2017-ல் உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளை தென் மாவட்டங்கள்ல சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னப்போ இந்த வேலை ரொம்ப வேகமா நடந்துச்சு. இப்பவும் வருஷா வருஷம் நடக்குது.

பெரிய ஜேசிபிக்கு மணிக்கணக்குல வாடகை அதிகம். அதனால சின்ன வேலைகளுக்கு டிராக்டர் முன்னாடி தூக்குக் கையும் பக்கெட்டும் மாட்டின லோடரைக் கூப்பிடுவாங்க. எங்க சித்தப்பா வெச்சிருக்கிறது அப்படி ஒரு வண்டிதான். டிராக்டருக்கும் லோடருக்கும் சேர்த்துக் கடன். மாசாமாசம் தவணை.

மூணு டன் தள்ளுற ஒரு சின்னக் குழாய்

இந்தச் சிலிண்டர் எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு நிமிஷத்துல பார்த்துடலாம். 17-ஆம் நூற்றாண்டுல பிரான்ஸ் நாட்டு பிளெய்ஸ் பாஸ்கல் சொன்னது நமக்குப் பள்ளிக்கூடப் பாடம்: மூடின பாத்திரத்துல இருக்கிற திரவத்தை ஒரு இடத்துல அழுத்தினா, அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவுல பரவும். 1795-ல் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா அதை வெச்சு ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். 1949-ல் ஜேசிபி கம்பெனி 'மேஜர் லோடர்'னு டிராக்டர்ல பொருத்துற லோடரைக் கொண்டுவந்துச்சு. கமுதியில ஓடுறதும் கிட்டத்தட்ட அதே யோசனைதான்.

இப்போ கணக்கு. உள்விட்டம் 50 மி.மீ. இருக்கிற ஒரு சிலிண்டரை எடுத்துக்குவோம். நம்ம டீ டம்ளர் அகலத்துக்குக் கூட வராது. அதுக்குள்ள பிஸ்டனோட பரப்பு சுமார் 19.6 சதுர செ.மீ. பம்ப் 150 பார் அழுத்தம் கொடுத்தா, ஒவ்வொரு சதுர செ.மீ. மேலயும் சுமார் 150 கிலோ. ரெண்டையும் பெருக்கினா கிட்டத்தட்ட மூணு டன்!

அதே சிலிண்டர் திரும்ப இழுக்கும்போது பலம் குறையும். ஏன்னா, அந்தப் பக்கம் தண்டு இடத்தை அடைச்சுக்குது. தண்டு 30 மி.மீ. தடிமன்னா மிச்சம் இருக்கிற பரப்பு சுமார் 12.6 சதுர செ.மீ. அப்போ ஒண்ணே முக்கால் டன்னுக்குக் கொஞ்சம் மேல, ரெண்டு டன்னுக்குள்ள. தள்ளுறதுல பலம் ஜாஸ்தி, இழுக்கிறதுல கம்மி. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

இவ்வளவு அழுத்தத்தையும் வெளிய விடாம பிடிச்சு வெச்சிருக்கிறது சில ரப்பர், பாலியூரித்தேன் வளையங்கள்தான். சீல்னு சொல்வோம். பிஸ்டன்ல ஒண்ணு, தண்டு வெளிய வர்ற வாயில ஒண்ணு, அதுக்கும் வெளிய தூசியை வழிச்சுத் தள்ளுற வைப்பர் ஒண்ணு. தண்டு பளபளன்னு இருக்கிறது அழகுக்காக இல்லை. அது மேல தலைமுடியை விட மெல்லிசா ஒரு ஹார்டு குரோம் பூச்சு இருக்கு. அது வழவழப்பா இருக்கிற வரைக்கும் சீல் பிழைக்கும். அதுல ஒரு கல் கீறினாலும், தண்டு போய் வர்ற ஒவ்வொரு தடவையும் அந்தக் கீறல் அரம் மாதிரி சீலை அறுக்கும்.

தண்டு ஏன் வளையுது?

ஒரு ஆவணிக் கடைசியில நடந்ததைச் சொல்றேன். கமுதிக்கும் முதுகுளத்தூருக்கும் நடுவுல ஒரு கிராமம். தலைக்கட்டு வரி போட்டுப் பணம் சேர்த்து, ஊரணியைத் தூர் வாரச் சித்தப்பா வண்டியைக் கூப்பிட்டிருந்தாங்க. பாதிக் குழி முடிஞ்சிருந்தது. ஒரு ஓரத்துல பழைய கருவேலத் தூர் ஒண்ணு அசையவே இல்லை. வண்டி ஓட்டின தம்பி பக்கெட்டை முழுசாக் கவிழ்த்து, அதோட உதட்டைத் தூருக்கு அந்தப் பக்கம் மாட்டி, ரிவர்ஸ்ல இழுத்தான். தூர் வந்துடுச்சு. கூடவே பக்கெட்டைக் கவிழ்க்கிற இடது சிலிண்டரோட தண்டு வில் மாதிரி வளைஞ்சிடுச்சு.

ஏன் வளையுது? பக்கெட்டை முழுசாக் கவிழ்க்கும்போது தண்டு முழு நீளத்துக்கும் வெளிய நீண்டிருக்கும். அந்த நிலையில பின்னால இழுத்தா, பக்கெட்டோட கீழ் உதடு முன்னாடி இழுபடும், மேல் பக்கம் பின்னாடி சாயும். அது தண்டை நேரா அமுக்கும். நீளமான, மெல்லிசான கம்பியை ரெண்டு முனையிலயும் அமுக்கினா என்ன ஆகும்? நசுங்காது, நடுவுல வளையும். 18-ஆம் நூற்றாண்டுலயே ஆய்லர் இதுக்குச் சூத்திரம் எழுதிட்டார்: நீளம் ரெண்டு மடங்கானா, வளையாம தாங்குற சுமை நாலுல ஒரு பங்காக் குறையும். அதனாலதான் "கவிழ்த்த பக்கெட்டோட ரிவர்ஸ்ல இழுக்காதே"ன்னு அனுபவப்பட்ட டிரைவர்கள் சொல்வாங்க. அந்தத் தம்பிக்கு அதுவரைக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கலை.

பனங்கட்டை

அடுத்த அரை மணி நேரத்துல நடந்ததுதான் எனக்கு முக்கியம். தம்பி சுத்தியலை எடுத்துக்கிட்டுத் தூக்கி நின்ன கைக்கு அடியில குனிஞ்சான், பின்னைத் தட்டிக் கழட்ட.

சித்தப்பா ஒரு சத்தம் போட்டாரு பாருங்க. "டேய், வெளிய வாடா! அது எண்ணெயில நிக்குதுடா, இரும்புல நிக்கலை!"

இதை விடச் சுருக்கமா யாரும் இதைச் சொல்ல முடியாது. தூக்கி நிக்கிற பக்கெட்டைத் தாங்குறது குழாய்க்குள்ள அடைபட்ட எண்ணெய் மட்டும்தான். ஒரு ஹோஸ் வெடிச்சாலோ, யாராவது லீவர்ல கை வெச்சாலோ, சில நூறு கிலோ இரும்பு அப்படியே கீழ வரும். நகர நேரம் இருக்காது. முடிஞ்சா பக்கெட்டைத் தரையில இறக்கிடணும். இறக்க முடியலைன்னா, கைக்கு அடியில முட்டுக் கொடுக்கணும். அன்னைக்கு ரெண்டு பனங்கட்டையை நிறுத்தி, கை அது மேல உட்கார்ந்த பிறகுதான் பின்னைத் தொட்டாங்க. எஞ்சினை நிறுத்தி, லீவரை நாலு பக்கமும் ஆட்டி, உள்ள மிச்சம் இருக்கிற அழுத்தத்தை வெளியேத்தின பிறகுதான் ஹோஸைக் கழட்டினாங்க.

இன்னொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாது. ஹோஸ்ல ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தா, எண்ணெய் அதுவழியா ஊசி போடுற மாதிரி பீய்ச்சும். எங்க ஒழுகுதுன்னு கையால தடவிப் பார்க்கிறது பலருக்குப் பழக்கம். அந்த எண்ணெய் தோலைத் துளைச்சு உள்ள போயிடும். வெளிய பார்த்தா எறும்பு கடிச்ச மாதிரி ஒரு புள்ளி, முதல்ல பெருசா வலிக்காது. உள்ள சதை அழுக ஆரம்பிச்சுடும். உடனே அறுவை சிகிச்சை பண்ணலைன்னா விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரலாம். அதனால ஒழுகலைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும். மீறி ஏதாவது நடந்தா, புள்ளி எவ்வளவு சின்னதா இருந்தாலும் அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போய், "அழுத்தத்துல இருந்த எண்ணெய் உள்ள போயிடுச்சு"ன்னு டாக்டர்கிட்ட தெளிவாச் சொல்லணும்.

மூணு வழி

சிலிண்டரைக் கழட்டியாச்சு. இப்போ மூணு வழி. முதல் வழி, வளைஞ்ச தண்டை பிரஸ்ல வெச்சு நிமிர்த்துறது. உள்ளூர்லயே ராத்திரிக்குள்ள முடியும், செலவும் கம்மி. ரெண்டாவது, பழைய பேரலை வெச்சுக்கிட்டு, மதுரையில குரோம் ராடு வாங்கிப் புதுத் தண்டு மட்டும் செய்யறது. ரெண்டு நாள். மூணாவது, முழுச் சிலிண்டரையே புதுசா வரவழைக்கிறது. லோடர் செஞ்ச கம்பெனி வேற மாநிலத்துல. ஒரு வாரத்துக்கு மேல ஆகும், விலையும் பல மடங்கு. மழை அதுவரைக்கும் காத்திருக்காது.

கமுதியில ஒரு லேத் பட்டறை. அந்த அண்ணன் பதில் சொல்லறதுக்கு முன்னாடி சிலிண்டரைப் பிரிச்சார். பேரலுக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, விரலை விட்டு நகத்தால உள் சுவரை மெதுவா வருடினார். "நகம் மாட்டலை. ராடு செத்தாப் பரவாயில்லை, பேரல் உசுரோட இருக்கு"ன்னார்.

முடிவு எடுக்கிற விதம் அந்த ஒரு வரியில இருக்கு. பேரலோட உள்பக்கம் வழவழப்பா இருந்தா சிலிண்டரைக் காப்பாத்தலாம். லேசான கோடுகள் இருந்தா ஹோனிங் பண்ணித் தேய்ச்சு எடுத்துடலாம். நகம் மாட்டுற அளவுக்குப் பள்ளமோ, துருக் குழியோ, வெளிய வீக்கமோ இருந்தா, எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் நிக்காது. அங்க மாத்துறதுதான் சிக்கனம். தண்டுல கீறல் மட்டும்னா, சின்னதா இருந்தால் மெல்லிய உப்புத்தாளால மேட்டைத் தேய்ச்சுட்டு ஓட்டலாம். குரோம் உரிஞ்சிருந்தா மறுபடி பூசணும், இல்லை புதுத் தண்டு. சீல் மட்டும் தேய்ஞ்சிருந்தா சீல் கிட் போதும், அதுதான் இருக்கிறதுலேயே மலிவு.

"நிமிர்த்திடலாமாண்ணே?"ன்னு சித்தப்பா கேட்டார். தூர் வாரல் பாதியில நின்னா ஊர்க்காரங்ககிட்ட என்ன சொல்றதுன்னு அவருக்குக் கவலை.

"நிமித்தலாம்யா. கண்ணுக்கு நேராத்தான் தெரியும். ஆனா வளைஞ்ச இடத்துல குரோம் வெடிச்சிருக்கும். ஒரு மாசத்துல சீலைத் தின்னுட்டு மறுபடி இங்கதான் வந்து நிப்பே. இன்னொரு தூர் மாட்டுனா அதே இடத்துலதான் வளையும்."

அதோட விடலை. "வலது பக்கத்தையும் கழட்டிக் கொண்டா"ன்னார். ரெண்டு சிலிண்டரும் ஒரே பக்கெட்டைத்தானே பிடிச்சிருக்கு, ஒண்ணு வளையுற அளவுக்கு அடி விழுந்தா இன்னொண்ணு மட்டும் எப்படித் தப்பிக்கும்? வலது தண்டைத் தாங்கியில வெச்சு உருட்டி, டயல் கேஜ் வெச்சுப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத வளைவு அதுலயும் இருந்தது.

ஒரு தண்டுக்கு எண்ணி வெச்ச பணம் ரெண்டு தண்டுக்குப் போச்சு. அந்த மாசத் தவணை தள்ளிப்போச்சு, அபராதமும் கட்ட வேண்டி வந்தது. சித்தி ரெண்டு நாள் சரியாப் பேசலை. சித்தப்பா சொன்னது ஒண்ணுதான்: "ஒத்தைக் கால்ல நிக்கிற வண்டியை அந்தப் பய கையில குடுக்க மாட்டேன்."

மறுபடி மாட்டும்போது சுத்தம்தான் பாதி வேலை. கண்ணுக்குத் தெரியாத மணல் துகள் ஒண்ணு உள்ள போனாலும் பேரலையும் வால்வையும் கீறும். அதனால மரத்தடியில வெச்சுப் பிரிக்காம பட்டறைக்குள்ளயே பண்ணாங்க. சீலோட உதடு அழுத்தம் வர்ற பக்கம் பார்த்து இருக்கணும், திருப்பிப் போட்டா அன்னைக்கே ஒழுகும். தண்டு முனையில இருக்கிற மரை புது சீலை அறுத்துடும், அதனால அது மேல டேப் சுத்திட்டுத்தான் நுழைக்கணும். மாட்டின பிறகு சுமை இல்லாம, மெதுவா, முழு நீளத்துக்குப் பல தடவை போய் வர விட்டு உள்ள இருக்கிற காத்தை வெளியேத்தி, எண்ணெய் அளவைப் பார்த்து ஊத்தணும்.

நாலாவது நாள் வண்டி ஊரணியில இறங்குச்சு. முக்கால் வேலை முடியும்போது மழை பிடிச்சுக்கிச்சு. வடக்குக் கரை மட்டும் அந்த வருஷம் ஒதுங்காமலே கிடந்தது. ஆனா ஊரணியில தண்ணி நின்னுச்சு.

சிலிண்டர் மேல தப்பா பழி போடுறோமா?

இன்னொரு புகாரையும் சொல்லியாகணும், ஏன்னா இதுல காசு வீணாப் போறது அதிகம். தூக்கி வெச்ச பக்கெட் தானா மெதுவா இறங்குது. உடனே, "பிஸ்டன் சீல் போச்சு, சிலிண்டரை மாத்து"ன்னு சொல்வாங்க.

கொஞ்சம் யோசிங்க. பிஸ்டன் சீல் தேய்ஞ்சு, கீழ்ப்பக்க எண்ணெய் மேல்பக்கம் போகுதுன்னே வெச்சுக்குவோம். பிஸ்டன் இறங்கணும்னா தண்டும் கூடவே குழாய்க்குள்ள வரணும். அந்தத் தண்டுக்கு இடம் வேணுமில்லையா? வால்வு ரெண்டு வழியையும் இறுக்கமா மூடியிருந்தா எண்ணெய் எங்கயும் போக முடியாது, அதனால தண்டும் உள்ள வர முடியாது. அப்போ பக்கெட் இறங்கிக்கிட்டே இருக்குன்னா, எண்ணெய் எங்கேயோ வெளியேறுதுன்னு அர்த்தம். வெளிய ஒழுகலைன்னா, பெரும்பாலும் வால்வு வழியாத்தான்.

பிஸ்டன் சீலுக்கு இதுல பங்கே இல்லைன்னு சொல்லலை. அது கசிஞ்சா ரெண்டு பக்கமும் அழுத்தம் சமமாகி, சுமையைத் தாங்குறது தண்டோட பரப்பு மட்டும்னு ஆயிடும். நம்ம 50 மி.மீ. சிலிண்டர்ல ஒரு டன் சுமைக்கு முன்னாடி சுமார் 51 பார் போதும். இப்போ சுமார் 141 பார்! வால்வுல லேசா இருந்த கசிவு அதனால அதிகமாகும். அதனால சிலிண்டரைப் பின்லேருந்து விடுவிச்சு, தண்டைக் கடைசி வரைக்கும் நீட்டி, எதிர்ப்பக்க ஹோஸைக் கழட்டி அழுத்தம் கொடுத்துப் பாருங்க. அந்த வாய்வழியா எண்ணெய் தொடர்ந்து வந்தா சீல் போயிருக்கு. வரலைன்னா சிலிண்டரை விட்டுட்டு வால்வைப் பாருங்க.

நகரத்துல இருக்கிற நமக்கு என்ன?

உங்க போன்ல பேட்டரி போனா, "புதுசு வாங்கிடுங்க சார்"னு சொல்றாங்க இல்லையா? அதே கேள்விதான் கமுதியிலயும் நடக்குது, பொருள்தான் பெருசு. 2022 ஜூலையில ஒன்றிய அரசோட நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைச்சது. அதுல எடுத்துக்கிட்ட முதல் துறைகள்ல செல்போனும் இருந்தது, விவசாயக் கருவிகளும் இருந்தது. அந்த வருஷ டிசம்பர்லயே இதுக்கான இணையதளமும் வந்துச்சு.

ஒரு சிலிண்டரைப் பொறுத்தவரை இந்த உரிமை ரொம்பச் சாதாரணமான விஷயம்: உள்விட்டம் என்ன, தண்டு எத்தனை மி.மீ., எவ்வளவு நீளும், பின்னுக்கும் பின்னுக்கும் நடுவுல எவ்வளவு தூரம், எந்த அளவு சீல். இந்த அஞ்சு தகவல் வண்டியோட வர்ற புத்தகத்துல இருந்தா, ஒரு சின்ன ஊர்ப் பட்டறை மழைக்கு முன்னாடி வேலையை முடிச்சுக் கொடுத்துடும். இல்லைன்னா எல்லாத்தையும் பிரிச்சு, அளந்து, அப்புறம்தான் மதுரைக்குப் பஸ் ஏறணும்.

எல்லாத்தையும் சரிபண்ணியே ஓட்டணும்னு நான் சொல்லலை. நகம் மாட்டுற பேரலை மாத்தத்தான் வேணும், நிமிர்த்தின தண்டை நம்பி ஒரு பையனை வண்டியில ஏத்தக் கூடாது. ஆனா எதை மாத்தணும், எதைக் காப்பாத்தலாம்னு பிரிச்சுப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் பக்கத்துல இருக்கணும். அப்படி ஒருத்தர் உங்க தெருவுலயும் ஒரு சின்னக் கடையில உட்கார்ந்திருப்பார். மிக்ஸியோ, ஃபேனோ, எதுவோ கெட்டுப்போனா, புதுசு ஆர்டர் போடறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு தடவை காட்டுங்க.

உங்க வீட்டுல ரொம்ப வருஷமா சரிபண்ணிச் சரிபண்ணி ஓட்டுற பொருள் ஏதாவது இருந்தா, அதைப் பத்தி எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.